நப்தலி பற்றவைக்க வேண்டிய அடுப்பு

செவ்வாய்

இன்றைய மாலை வகுப்பில் காஸ் பாதுகாப்பு. ஏற்கெனவே வேலை செய்துகொண்டே சமையல்காரர் சான்றிதழ் எடுப்பவர்களுக்காக சுவிஸின் பீல் நகரில் நடக்கும் வகுப்பு இது. ஆசிரியர் ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சமையலறையை விட்டு வெளியே போகிறவர், சிறிது நேரத்துக்கென்றாலும், காஸின் பிரதான வால்வை மூடிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்து திறந்து, அடுப்பை முறைப்படி பற்றவைக்க வேண்டும். எழுதிக் கீழே கோடும் போட்டேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்: மூடு, திற, பற்றவை.

எதையும் பழக்கமாக்கினால்தான் எனக்குப் பிழை விடாமல் செய்ய வரும். கதவைப் பூட்டிவிட்டுப் படி இறங்கி, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்ப ஏறுகிற ஆள் நான். அம்மா, "யாதவி, அந்தக் கதவு உன்னைப் பாத்துப் பயப்பிடுது," என்பா.

நாளை பெரிய நாள். நான் வேலை செய்வது பேர்ணில், ஒரு யூதச் சபையின் மண்டபத்துக்குக் கீழே உள்ள சமையலறையில். நாளை பொழுதுபடும்போது அவர்களுடைய யோம் கிப்பூர் தொடங்குகிறது. மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை தண்ணீர்கூடக் குடியாமல் விரதம் இருந்து, தங்கள் பிழைகளைச் சொல்லி மன்றாடுவார்கள். அதற்கு முன்னால் உண்ணும் கடைசிச் சாப்பாட்டை நாங்கள் சமைக்கிறோம். அதில் முக்கியமானது கோழி சூப்பும், அதற்குள் மிதக்கும் கிரெப்லாக்கும். மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்தது. எங்கள் தலைமைச் சமையல்காரர் குணசேகரம் அண்ணை அதைக் கொழுக்கட்டை என்றுதான் சொல்வார்.

அங்கே பாலும் இறைச்சியும் ஒன்றுசேரக் கூடாது, சட்டிகளும் வேறு வேறு. அதெல்லாம் எனக்கு விரைவில் பழகிவிட்டது. பழக நாளெடுத்தது அடுப்பு விதி. யூதர் அல்லாத நாங்கள் வெட்டலாம், கிண்டலாம், உப்புப் போடலாம். நெருப்பை மட்டும் யூதர் ஒருவர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சாப்பாடு அவர்களுக்கு ஆகாது. அதற்காகவும் மற்ற எல்லாவற்றையும் மேற்பார்வை செய்வதற்காகவும் ஒருவர் இருப்பார். அவரை மஷ்கியாக் என்பார்கள். எங்கள் மஷ்கியாக் நப்தலி. என் வயதுதான் இருக்கும். காலையில் வந்து, அடுப்புக்குள் எந்நேரமும் எரியும் சிறு சுவாலையை அவன் பற்றவைப்பான். பிறகு நாங்கள் குமிழைத் திருப்பும்போதெல்லாம் அந்தச் சுவாலையிலிருந்து நெருப்புப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நாள் முழுக்க எரிவது அவன் வைத்த நெருப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது என் மனதைக் கொஞ்சம் குத்தியது. அண்ணையிடம் சொன்னேன்.

"கோயில் மடைப்பள்ளிக்குள்ள உன்னை விடுவினமோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அங்க கோவம் வராத உனக்கு இஞ்ச மட்டும் என்ன கோவம்?"

அன்றிலிருந்து நப்தலிக்கு அண்ணை வைத்த பெயர் ஐயர். அதற்கு என்ன பொருள் என்று நப்தலிக்கும் தெரியும். கூப்பிட்டால் "ஓம் அண்ணை" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு வருவான்.

புதன்

ஒழுங்காக எழுத முயல்கிறேன். ஒழுங்கு குழம்பினால், பிழை எந்த இடத்தில் நடந்தது என்று எனக்கே தெரியாமல் போய்விடும். நப்தலியும் நானும் பேசியது பேர்ண் ஜேர்மனில். இங்கே அதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

காலையில் நப்தலி வந்து சிறு சுவாலையைப் பற்றவைத்தான். லைட்டரைத் தன்னுடைய கொளுக்கியில் திரும்ப மாட்டினான். முகம் சரியில்லை.

"அண்ணனுக்குப் போன் எடுத்தனியா?" என்று கேட்டேன்.

யோம் கிப்பூருக்கு முன்னால், தாங்கள் நோகடித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பது அவர்களுடைய வழக்கம். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரிடம்தான் கேட்க வேண்டும். எவ்வளவு விரதம் இருந்தாலும் அது தீராது. அவர் மறுத்தால் மூன்று தடவையாவது கேட்க வேண்டும். நப்தலிக்கு பாசலில் ஒரு அண்ணன் இருக்கிறார். அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நப்தலி வெளிநாட்டில் ராபி, அதாவது யூத மதகுரு, ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தான். பரீட்சை முடியட்டும், வருகிறேன் என்றான். அதற்குள் அப்பா போய்விட்டார். அண்ணன் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "பரீட்சையும் பெயில்," என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை ஏறிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை.

"ரெண்டுதரம் எடுத்துக் கேட்டிட்டன்," என்றான் இன்று. "முதல்தரம் உடனே கட் பண்ணினான். ரெண்டாந்தரம் நான் சொன்னது முழுக்கக் கேட்டுப்போட்டுக் கட் பண்ணினான். முன்னேற்றம்தான்."

பிறகு போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். அண்ணை மேசைகளை ஒழுங்குசெய்ய மேலே மண்டபத்துக்குப் போயிருந்தார். அடுப்பில் பெரிய சூப் பானை இருந்தது. தண்ணீரும் கோழியும் போட்டாயிற்று. இன்னும் குமிழைத் திருப்பவில்லை. பின்கதவு மணி அடித்தது. மரக்கறி வண்டி.

பெட்டிகளை எடுத்து வர வெளியே போக வேண்டும். மூடு என்றது மனம். பிரதான வால்வை மூடினேன். பெட்டிகளோடு திரும்பி வந்தேன். வால்வைத் திறந்தேன். கொளுக்கியிலிருந்து லைட்டரை எடுத்துச் சிறு சுவாலையைப் பற்றவைத்தேன். சூப்புக்குக் குமிழைத் திருப்பினேன். நேற்றுப் படித்ததை ஒரு படியும் விடாமல் இன்றே செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கரட் சீவத் தொடங்கினேன். குனிந்தபோது ஏப்ரன் பைக்குள் ஏதோ இடித்தது. எடுத்துப் பார்த்தால் நப்தலியின் லைட்டர்.

வால்வை மூடினால் சிறு சுவாலை அணைந்துவிடும். அணைந்தது அவன் வைத்த நெருப்பு. இப்போது பானைக்குக் கீழே எரிவது என்னுடையது.

அந்த நேரம் பானையைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுகூட இல்லை. இதை நான் மறக்கக் கூடாது.

யன்னலால் பார்த்தேன். முற்றத்து மரத்துக்குக் கீழே, காதில் போனோடு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நப்தலி நின்றான். அண்ணனோடு பேசுகிறானாக்கும், முடிக்கட்டும் என்று நினைத்தேன். அது அவனுக்காக நான் காட்டிய பொறுமை என்று அப்போது நம்பினேன். இப்போது எழுதும்போது அப்படித் தெரியவில்லை.

அவன் உள்ளே வந்தான். லைட்டரை அதற்கிடையில் கொளுக்கியில் மாட்டிவிட்டேன். பானையிலிருந்து மெல்லிய ஆவி வரத் தொடங்கியிருந்தது.

"எடுக்கிறானில்லை," என்றான். "அடிச்சு அடிச்சு நிண்டுபோகுது. எடுக்காட்டி அது மூண்டாந்தரம் கேட்டதாகாது."

நான் வாயைத் திறந்தேன். "கரட் நல்ல கரட்," என்றேன்.

உண்மையாகவே அதைத்தான் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு மேலே போனான்.

அடுத்து அண்ணை வந்தார். அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கதவைச் சாத்தினார்.

"ஆராவது கண்டவையோ?"

"இல்லை."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு கரட்டைச் சீவு."

"அண்ணை, அவையளுக்கு இது ஆகாது."

"ஆகாது எண்டு தெரிஞ்சால்தான் ஆகாது. தெரியாமல் திண்டால் அவையளில என்ன பிழை? சொன்னியெண்டால் உனக்கும் வேலை போகும், விட்டிட்டுப் போனதுக்கு ஐயருக்கும் போகும். அந்தப் பெடியன் பாவம், ஏற்கெனவே ஒரு பரீட்சையில விழுந்தவன். சனம் பசியோட ஒரு நாள் கிடக்கப்போகுது. ஒரு கோப்பை சூப் குடிச்சிட்டுக் கிடக்கட்டும்."

அவர் சொன்னதில் எது பிழை என்று தேடினேன். ஒவ்வொரு துண்டாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. அவர் கிரெப்லாக்கைக் கொதிக்கும் பானைக்குள் ஒவ்வொன்றாக விட்டார். அவை அடிக்குப் போய் மெல்ல மேலே வந்தன. வேலை போனால் சான்றிதழ் பரீட்சைக்கு இருக்க முடியாது. சமையலறை ஒன்றில் வேலையில் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் கவனமான ஆள் என்பதைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. அதுவும் இல்லை என்றால் நான் யார்?

நப்தலி திரும்ப வந்து மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். "இண்டைக்கு ஒண்டாவது சரியாய் வந்திருக்கு," என்றான். "யாதவி நிக்கிற குசினியில எனக்குப் பயமில்லை."

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. "நெருப்பு வைச்சது நான்," என்றேன். வால்வு, மரக்கறி வண்டி, லைட்டர் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் முகம் வெளிறிப் பிறகு சிவந்தது. "இவ்வளவு காலம் இஞ்ச வேலை செய்யிறாய்!" என்று கத்தினான். "ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொன்னாலும் விளங்கும்! உன்ர மூளை எங்க போனது?" பானை மூடியை மேசையில் எறிந்தான். பிறகு, "எப்ப வைச்சாய்?" என்றான்.

"நீ முற்றத்தில நிக்கேக்க."

"நான் உள்ள வந்து கதைச்சனே. அப்ப கொதிச்சதோ?"

"இல்லை. ஆவி மட்டும்."

அவன் கதிரையில் இருந்துவிட்டான். குரல் இறங்கிவிட்டது. "அப்ப சொல்லியிருந்தால் நான் குமிழைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சிருந்தாலே காணும், யாதவி. அரைகுறையாய் வேகிறதுக்குள்ள எங்கட ஆள் ஒருவர் நெருப்பில கை வைச்சால் சரி. முழுச் சமையலும் தப்பியிருக்கும்."

அந்த விதி எனக்குத் தெரியாது. நெருப்பு வைத்ததுதான் பிழை என்று இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தேன். அது திருத்தக்கூடிய பிழையாக இருந்திருக்கிறது. திருத்த முடியாமல் போனது நான் கரட்டைப் பற்றிப் பேசிய இடத்தில்.

நப்தலி எழும்பி அடுப்பருகே போய்க் குமிழில் கையை வைத்தான். "இப்ப திருப்பிப்போட்டு முதலே திருப்பினது எண்டு சொல்லலாம்," என்றான், எங்களைப் பார்க்காமல். "ஆருக்குத் தெரியும்?"

"அதைத்தான் நானும் சொன்னனான்," என்றார் அண்ணை.

அவன் கையை எடுத்தான். சூடு பட்டதுபோல விரல்களைத் தேய்த்துக்கொண்டான். பிறகு சபையின் ராபிக்குப் போன் எடுத்து, காலையில் தான் வைத்த நெருப்பு அணைந்துவிட்டதைச் சொன்னான். ஸ்பீக்கரில் ராபியின் குரல் கேட்டது.

"கிரெப்லாக் வெந்துவிட்டதா?"

"வெந்துவிட்டது."

"யார் பற்றவைத்தது?"

நான் ஒரு அடி முன்னே வந்தேன். நப்தலி கையைக் காட்டி நிற்கச் சொன்னான். "நான் அந்த இடத்தில் இருக்கவில்லை, ராபி. இருக்க வேண்டியவன் நான்," என்றான்.

வேறொரு ராபி இதற்கு ஏதாவது வழி கண்டுபிடித்திருக்கக்கூடும் என்று நப்தலி பிறகு சொன்னான். எங்கள் ராபி, சூப்பைப் பரிமாற வேண்டாம், பானையைத் தனியே எடுத்து வையுங்கள் என்றார். கோழிப் பொரியலும் கிழங்கும் மின்சார ஓவனில், காலையில் நப்தலி போட்டுவிட்ட சூட்டில் இருந்தன. அவை தப்பின.

மண்டபம் நிறைந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நப்தலி நடுவில் போய் நின்று, இன்றைக்குச் சூப் இல்லை, மேற்பார்வையில் என் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். என் பெயரைச் சொல்லவில்லை. முன்மேசையிலிருந்த வயதான ப்ளோக் அம்மா உரத்துச் சொன்னா: "யோம் கிப்பூர் இன்னும் தொடங்கவில்லை, இவன் இப்போதே பட்டினி போடுகிறான்." எல்லோரும் சிரித்தார்கள். நப்தலியும் சிரிக்க முயன்றான். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், நான்தான் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. கை கதவில் இருந்தது. தள்ளவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நப்தலி கீழே ஓடி வந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்பு கோட், காலில் துணிச் சப்பாத்து. அந்த நாளில் தோல் சப்பாத்துப் போட மாட்டார்கள். மேலே எல்லோரும் வழிபாட்டுக்குக் கூடிக்கொண்டிருந்தார்கள்.

"கெதியாய்க் கேக்கிறன்," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் உன்னைப் பாத்துக் கத்தினது பிழை. உன்ர மூளையைப் பற்றிச் சொன்னது பிழை. என்னை மன்னிப்பியோ?"

"ஐயோ, அது பரவாயில்லை."

"பரவாயில்லை எண்டால் செல்லாது. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லவேணும்."

"நப்தலி, பிழை விட்டது நான்தானே."

"அது உன்ர பாடு. இது என்ர பாடு. ரெண்டையும் குழைக்காத. சூரியன் போகுது!"

"மன்னிச்சிட்டன்," என்றேன். அதே மூச்சில் நானும் கேட்க நினைத்தேன். அதற்குள் மேலிருந்து பாட்டுக் குரல் எழும்பியது. அவன் இரண்டு படி ஒரேயடியாகத் தாவி ஓடிவிட்டான்.

அண்ணை சூப்பை எங்கள் பாத்திரங்களுக்கு மாற்றிக் காரில் ஏற்றினார். சோலோதுர்ன் ஊரில் அவர் இருக்கும் மாடிக்கட்டடம் முழுக்கத் தமிழ் ஆட்கள். "எங்களுக்கு ஆகும்தானே," என்றார். நாளைக்கு நான் வர வேண்டுமா, வேண்டாமா என்று நப்தலி சொல்லவில்லை. கேட்கவும் முடியாது, விரதம் முடியும்வரை அவன் போனைத் தொட மாட்டான்.

வியாழன்

காலையில் சாப்பாடு இறங்கவில்லை. மத்தியானமும் இல்லை. அம்மா கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் திரிந்தா.

"கந்தசட்டிக்கு ஒருநாள் விரதம் பிடி எண்டால் தலை சுத்துது எண்டு சொல்லுவாய். இப்ப அவையின்ர விரதத்துக்கு நீ ஏன் பட்டினி?"

"பசிக்கேல்லை, அம்மா."

"என்ன செய்துபோட்டாய்?" என்று உடனே கேட்டா. அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இரவு வந்து சொல்லுகிறேன் என்று ரயிலுக்கு ஓடினேன்.

மன்னிப்புக் கேட்காமல் விட்டது பல்லில் சிக்கிய நார்போல நாள் முழுக்க உறுத்தியது. ரயிலில் வசனங்களை ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். முதலில் லைட்டர், பிறகு கரட், பிறகு கதவுக்குப் பின்னால் நின்றது. எல்லாம் ஒரு முறைப்பாட்டுக் கடிதம்போல வந்தது.

சமையலறையில் அண்ணை எனக்கு முதலே வந்திருந்தார். "சனம் சூப்பைக் குடிச்சிட்டு இன்னும் இருக்கோ எண்டு கேக்குது," என்றார். "உன்னை வரவேண்டாம் எண்டு ஆரும் சொன்னவையோ?"

"வரச் சொல்லியும் ஆரும் சொல்லேல்லை."

"அப்ப பழைய கதைதான். ஏப்ரனைக் கட்டு."

விரதம் முடிந்ததும் முதலில் கேக்கும் கோப்பியும். கோப்பி மெசினில் வரும். அதற்குச் சிக்கல் இல்லை. அதற்குப் பிறகு கிழங்கும் லீக்ஸும் போட்ட சூப். வெட்டிய கிழங்கு தண்ணீரில் தயாராக இருந்தது. நேற்றுப் போகும்போது அண்ணை பிரதான வால்வை மூடியிருந்தார். அடுப்பு முழுக்க அணைந்து கிடந்தது. இருட்டியதும் நப்தலி வந்து பற்றவைக்க வேண்டும்.

மேலே நீண்ட ஊதுகுழல் சத்தம் ஒன்று எழும்பி நின்றது. ஆட்டுக் கொம்பு. விரதம் முடிந்ததற்கு அது அடையாளம். கதிரைகள் இழுபட்டன. படிகளில் கால்கள். கோப்பி போனது, கேக் போனது. நப்தலி வரவில்லை.

ப்ளோக் அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டா. பக்கத்தில் அவவின் மகள் ஒருவர். "சூப் இன்றைக்காவது உண்டா?" என்று கேட்டா.

"வரும். நப்தலி வந்ததும் வைப்போம்."

"அவன் முற்றத்தில் நிலாவுக்கு வாழ்த்துச் சொல்கிறான். நிலா எங்கே போகப்போகிறது? நான்தான் போய்விடுவேன்." விரதம் முடிந்த இரவில் வெளியே கூடி நின்று வளர்பிறையை வாழ்த்துவதும் அவர்களுடைய வழக்கம்.

அண்ணை தமிழில் மெதுவாகச் சொன்னார்: "வால்வைத் திறந்திட்டன். பத்தவை பிள்ளை. நேற்று ஐயர் சொன்னதுதானே, வேகிறதுக்குள்ள வந்து குமிழைத் திருப்பினால் சரியெண்டு. இண்டைக்கு அவர் கட்டாயம் வருவார். சட்டப்படி சரி."

அது உண்மை. சட்டப்படி சரியாகத்தான் வரும். லைட்டர் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. கிழங்குப் பானை முன்னால் இருந்தது. யன்னலுக்கு வெளியே முற்றம். நேற்றைய அதே இடம், அதே லைட்டர், வெளியே நிற்கும் அதே ஆள். ஒருமுறை நப்தலி சொல்லியிருந்தான், அவனுடைய அண்ணனைப் பற்றிப் பேசும்போது: பிழையில் விழுந்த ஒருவர் உண்மையாகவே எழும்பிவிட்டாரா என்று எப்படி அறிவது என்றால், அதே சந்தர்ப்பம் திரும்பவும் வர வேண்டும், அவர் அதைத் திரும்பவும் செய்யாமல் விட வேண்டும். "எனக்கு அந்தச் சந்தர்ப்பம் வராது. அப்பா ரெண்டாந்தரம் சாகமாட்டார்," என்றான் அப்போது.

எனக்கு வந்திருக்கிறது. ஒரு நாளில் வந்திருக்கிறது.

"நான் போய்க் கூட்டிவாறன்," என்றேன் அண்ணையிடம். பிறகு ப்ளோக் அம்மாவின் பக்கம் திரும்பினேன். ஒழுங்குபடுத்தி வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. "நேற்றுச் சூப் இல்லாமல் போனது என்னால். நெருப்பு வைத்தது நான். நப்தலி சொல்லவில்லை. உடனே சொல்லியிருந்தால் தப்பியிருக்கும், நான் சொல்லாமல் நின்றேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்."

ப்ளோக் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. "கொழுப்புக் குறைத்து உண்ணச் சொல்லி டொக்டர் போன மாதம்தான் சொன்னார்," என்றா. "மன்னித்தேன். போ, போ, அவனை இழுத்துக்கொண்டு வா."

முற்றத்தில் ஆட்கள் கலைந்துவிட்டார்கள். மரத்துக்குக் கீழே நப்தலி மட்டும், காதில் போனோடு. நேற்றுப்போலவே முதுகு. போனில் மணி போவது எனக்கே கேட்டது. மூன்றாம் தடவை. இதைக் குழப்பினால்? குழப்பாமல் காத்து நின்றால்? நேற்றும் இப்படித்தான், அவனுக்காக என்று சொல்லிக்கொண்டு காத்து நின்றேன்.

"நப்தலி, அடுப்பு," என்றேன்.

அவன் திரும்பினான். போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போனை நிறுத்தவில்லை. காதில் வைத்தபடியே என்னோடு படியிறங்கி வந்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. சமையலறையில் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, வலது கையை என்னிடம் நீட்டினான். லைட்டரைக் கொடுத்தேன். குனிந்து சிறு சுவாலையைப் பற்றவைத்தான். குமிழைத் திருப்பினான். நீல நெருப்பு பானையைச் சுற்றி எழும்பியது. அந்த நேரம் போனில் மணி நின்று, செய்தியைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள் என்ற மெசின் குரல் வந்தது.

நப்தலி வெளியே போகவில்லை. அடுப்புக்கு முன்னால், எங்கள் எல்லோருக்கும் கேட்கப் பேசினான்.

"ஷிமோன், நான் நப்தலி. குசினியில நிக்கிறன், ஆக்கள் நிக்கினம், பரவாயில்லை. மூண்டாந்தரம் கேக்கிறன். அப்பாட்ட வராதது என்ர பிழை. வர ஏலாமல் இருக்கேல்லை. ஏலும். நான் வரேல்லை. இதுவரை உனக்கு நான் அப்பிடிச் சொல்லேல்லை. மன்னிப்பியோ எண்டு கேக்கிறன்." மற்றக் கையால் பானையை மூடினான். "சரி. சாப்பிட்டியோ? சாப்பிடு."

போனைப் பைக்குள் வைத்தான். ப்ளோக் அம்மாவின் மகள் மூக்கைச் சிந்தினா.

"மெசின் கேட்டால் கேட்டதாகுமோ?" என்றார் அண்ணை. அதை நான் ஜேர்மனில் சொன்னேன்.

"தெரியாது, அண்ணை," என்றான் நப்தலி. "நேற்றே இஞ்ச நிண்டு கதைச்சிருக்கலாம். நீங்கள் கேட்டிடுவியள் எண்டு வெக்கத்தில வெளிய போனனான். அதாலதானே இவ்வளவும்."

ஒரு கேக் துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டான். அவன் உண்ணும் முதல் கவளம் அது. அடுப்பை விட்டு அசையவில்லை.

"நப்தலி, நான் உன்னட்ட இன்னும் கேக்கேல்லை," என்றேன்.

"கேள். கிழங்கு வேகமட்டும் இஞ்சதான் நிப்பன்."

கேட்டேன். லைட்டரைக் கொளுக்கியில் மாட்டி மறைத்ததை, கரட்டை, கதவுக்குப் பின்னால் நின்றதை. குழம்பித்தான் சொன்னேன். அவன் மென்றுகொண்டே கேட்டான்.

"மன்னிச்சிட்டன்," என்றான். "வாயில கேக்கோட சொன்னால் செல்லுமோ எண்டு ராபியிட்டக் கேக்கவேணும்."

சூப் கொதித்தது. பரிமாறினோம். நாளையும் வா என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நப்தலி போகும்போது, சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு மீன் எவ்வளவு என்று என்னிடம்தான் கேட்டான். அது விடை என்று எடுத்துக்கொள்ளலாமா தெரியவில்லை. எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக வால்வருகே நின்று, "மூடப்போறன்," என்று உரத்துச் சொன்னேன்.

"மூடு," என்றான் நப்தலி, கோட்டுப் போட்டுக்கொண்டே.

மூடினேன். அவனும் பார்த்தான். ஆனாலும் ரயில் பேர்ணை விட்டுப் புறப்பட்டபோது, மூடினேனா என்ற பழைய கேள்வி வந்து பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டது. போன் எடுத்து அவனிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் சிரிப்பான். கேட்டேன்.

"மூடினாய்," என்றான். பின்னால் தெருச் சத்தம். "ஷிமோன் இன்னும் திருப்பி எடுக்கேல்லை. போனை வை, வேற ஆரோ அடிக்கினம்."